உடைத்துக் கொடுத்த மருந்து

இதையெல்லாம் நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே உறுதியில்லை. கேப்சூலை உடைத்து உள்ளே இருப்பதை மட்டும் கொடுக்கலாம் என்ற யோசனை யாருடையது என்பதில்தான் குழப்பம். மருந்துக்கடை மைதீன் சொன்னதாக எனக்கு ஞாபகம். தான் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார் மைதீன். அக்காவிடம் கேட்டபோது, "யாரு சொன்னா என்னலே, தின்னது நான்லா" என்று சொல்லி முடித்துக்கொண்டாள். மூன்று பேரில் தப்பாக நினைவு வைத்திருப்பதற்கு அதிகக் காரணம் உள்ளவன் நான்தான். அதனால் என் ஞாபகத்தை நானே பாதிதான் நம்புகிறேன்.

அக்கா பெயர் முத்துவடிவு. ஆய்க்குடிப் பக்கம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தான் இறந்ததும் தென்காசியில் எங்கள் அப்பா வீட்டுக்கே வந்துவிட்டாள். நான் தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்தவன், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்கு அறுபத்தேழு, எனக்கு அறுபத்திரண்டு. பதினொரு வருடம் அந்த வீட்டில் இரண்டு பேரும் அதிகம் பேசாமல் இருந்தோம். சண்டையெல்லாம் இல்லை. பேசத் தேவைப்படவில்லை. காலையில் காபி குடித்த பிறகு நான் பேப்பரோ புத்தகமோ சத்தமாக வாசிப்பேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாள். கண்புரை ஆபரேஷன் செய்த பிறகும் சின்ன எழுத்து அவளுக்குச் சிரமம். வாசித்து முடித்ததும் அதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்க மாட்டாள். ஆனால் இரண்டு வாரம் கழித்து, குழம்பு கொதிக்கும்போது, அதில் ஒரு விஷயத்தைச் சொல்வாள். அத்தனை நாளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் தெரியும்.

எங்கள் குடும்பம் சைவம். கோயில் கட்டளை, அபிஷேகம் என்று பரம்பரையாக வருகிற சைவம். எனக்கு அது பல் தேய்ப்பது மாதிரி ஒரு பழக்கம், அவ்வளவுதான். அக்காவுக்கு அப்படியில்லை. நாற்பத்திரண்டாவது வயதில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போன இடத்தில், பட்டுக்கூடுகளைக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டுவதைப் பார்த்திருக்கிறாள். "உள்ள புழு உசுரோடயா கெடக்கு?" என்று கேட்டிருக்கிறாள். "ஆமா டீச்சர், விட்டா பூச்சியாகிக் கூட்டை ஓட்டை போட்டுரும். நூலு போயிருமே" என்று அந்த ஆள் ரொம்ப மரியாதையாக விளக்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்தவள், கூறைச்சேலை உட்பட ஒன்பது பட்டுச்சேலைகளையும் எடுத்துக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டாள். தோல் செருப்பு போனது. கைப்பை போனது. பிறகு தேன் போனது. மகன் முத்துகுமரனின் கல்யாணம் புளியங்குடியில் நடந்தபோது நூல்சேலையோடு மணவறையில் நின்றாள். பெண் வீட்டார், மாப்பிள்ளையின் அம்மாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் இஷ்டமில்லை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். முத்துகுமரன் அதை மறக்கவில்லை.

ஆனால் அவள் யாருக்கும் உபதேசம் செய்ததில்லை. நான் தோல் பெல்ட் போட்டுக்கொண்டு அவள் முன்னால்தான் நிற்பேன். ஒரு நாளும் எதுவும் சொன்னதில்லை. வீட்டின் பின்கட்டை வாடகைக்கு விட்டபோது, சைவக்காரர்களுக்கு மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. போலீஸ்காரர் இசக்கிதுரைக்கும் அவர் மனைவி வள்ளித்தாய்க்கும் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பின்கட்டிலிருந்து கோழிக்குழம்பு மணக்கும். அக்கா ஜன்னலைச் சாத்த மாட்டாள்.

வள்ளித்தாய் வாய் சும்மா இருக்காது. பால் பாக்கெட்டை எடுத்து வந்து கொடுக்கும்போது ஒருநாள் கேட்டாள்.

"ஏன் ஆச்சி, புழுவுக்குப் பாவம் பாக்கீங்க. பசுமாடு மட்டும் வாங்க வாங்கன்னு கூப்பிட்டா பாலைக் குடுக்கு? கன்னுக்குட்டிய இழுத்துக் கெட்டிட்டுத்தான கறக்கான்?"

அக்கா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்தாள். பாலைக் காய்ச்சினாள். பொங்கியதும் அடுப்பை அணைத்தாள்.

"நீ சொல்லுதது சரிதாம்ட்டி" என்றாள். "எனக்கு அதுக்கு இன்னும் பதில் தெரியல. காபி இல்லாம இருக்க முடியல."

"இப்பிடிப் பட்டுனு ஒத்துக்கிட்டா நான் என்னத்தப் பேச?" என்று வள்ளித்தாய் சிரித்தாள்.

போன வருடம் ஆனிக் கடைசியில் சாரல் நன்றாக விழுந்தது. கூட்டம் வருவதற்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் குற்றாலம் ஐந்தருவிக்குப் போனோம். ஒவ்வொரு சீசனுக்கும் ஒருமுறை போவது வழக்கம். ஆண்கள் பக்கம் குளித்துவிட்டு வந்து நான் வெகுநேரம் நின்றேன். அக்கா வரவில்லை. பழக்கடைக்காரப் பெண் ஒருத்தி வந்து, "ஒங்க வீட்டு ஆளா அண்ணாச்சி, மஞ்சக் கரைபோட்ட சேலை? அங்கன படியில உக்காந்துட்டாங்க, எந்திரிக்க மாட்டேங்காங்க" என்றாள். ஓடினேன். ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். நெஞ்சில் கை வைத்திருந்தாள். "உள்ள குருவி மாட்டிக்கிட்ட மாதிரி அடிக்குதுலே" என்றாள்.

தென்காசியில் ஈசிஜி எடுத்துவிட்டு, திருநெல்வேலிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே மூன்று மணிநேரம் காத்திருந்து டாக்டரிடம் நான்கு நிமிடம் பேசினோம். துடிப்பு ஒழுங்கில்லை, இப்படியே விட்டால் இதயத்துக்குள் ரத்தம் கட்டி மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளும், பக்கவாதம் வரும் என்றார். ரத்தம் உறையாமல் இருப்பதற்கு ஒரு கேப்சூல் எழுதினார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. ஒரு வேளைகூட விடக்கூடாது. மூன்று மாதம் கழித்து வர வேண்டும். வேறு பழைய மாத்திரை ஒன்று உண்டு, ஆனால் அதற்கு மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், கீரையைக் குறைக்க வேண்டும், வயதானவர்களுக்கு இதுதான் தொந்தரவில்லாதது என்றும் சொன்னார்.

பதினொரு நாள் அக்கா அதைத் தண்ணீர் ஊற்றி விழுங்கினாள். பாதி காவி நிறம், பாதி வெள்ளை.

பன்னிரண்டாம் நாள் காலை நான் ஒரு வாரப்பத்திரிகையை வாசித்தேன். நாம் தினமும் தொடுகிற பொருள்களில் என்னென்ன மிருகங்கள் இருக்கின்றன என்று ஒரு கட்டுரை. சோப்பில் கொழுப்பு. பெயிண்ட் பிரஷ்ஷில் மயிர். பளபளக்கும் மிட்டாய்மேல் பூச்சியின் அரக்கு. நான் வாசித்துக்கொண்டே போனேன். மருந்து கேப்சூல்களின் மேல்கூடு மாட்டின் தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுக்கும் பசையால் செய்யப்படுகிறது என்று அதில் இருந்தது. அந்த வரிக்கு வருமுன்பே கண் அதைப் பார்த்துவிட்டது. நிறுத்தியிருக்கலாம். தாண்டிப் போயிருக்கலாம். அக்காவுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் வாசிக்கிறவனுக்கு ஒரு ஓட்டம் வந்துவிடுகிறது. குரல் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வாசித்துவிட்டேன்.

அக்கா கையிலிருந்த கீரைத்தண்டை வைத்தாள். எழுந்து போய் வாய் கொப்பளித்தாள். திரும்பி வந்து மிச்சக் கீரையை ஆய்ந்தாள். அன்று சாயங்காலம்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரிக் கேப்சூலை எடுத்துக் கொடுத்தபோது, "வேண்டாம்லே" என்றாள்.

"அக்கா, டாக்டர் ஒரு வேளைகூட விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"கேட்டேன்."

"கை கால் விழுந்துட்டா யாரு பாப்பா?"

"நீதான் பாக்கணும். அதுக்குத்தான் எனக்குச் சங்கடமா இருக்கு." என் கையை மெல்லத் தள்ளினாள். "சேலைய நிப்பாட்டினது லேசு. மானத்துக்கு வேற சேலை இருந்துச்சு. இப்ப உசுருக்குன்னு வரும்போது மட்டும் பரவாயில்லைன்னா, அம்புட்டு நாளும் நான் செஞ்சது என்னது? சும்மா பவுசா?"

நான் கேப்சூலை அலமாரியில் வைத்துவிட்டு விளக்கை அணைத்தேன்.

மறுநாள் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் உள்ள மருந்துக்கடைக்குப் போனேன். மைதீனை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எங்க வீட்டுலயும் இந்தப் பேச்சு உண்டு சார். ஒங்களுக்கு மாடான்னு கவலை. எங்களுக்குப் பன்னியான்னு கவலை. ரெண்டு பேரும் ஒரே கேப்சூலத்தான் முழுங்குதோம். அவசரத்துக்கு ஆகும்னு எங்க பள்ளிவாசல் அசரத் சொல்லிட்டாரு, அதோட நாங்க விட்டுட்டோம். ஒங்கள்ல அப்பிடிச் சொல்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"அப்ப டாக்டருட்ட ஒரு போன் போட்டுக் கேட்ருங்க."

இதன் பிறகுதான் என் ஞாபகம் கலங்குகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு விழுங்கத் தெரியாவிட்டால் உடைத்துத்தானே கொடுக்கிறார்கள் என்று மைதீன் சொன்னார். அல்லது நான் சொன்னேன், அவர் "சிலதுக்கு அப்பிடிக் குடுக்கதுண்டு" என்றார். கடையில் அப்போது கூட்டம். அவர் எனக்கு மாத்திரை அட்டைகளைக் கத்தரித்துக் கொடுத்துக்கொண்டே மலையாளத்தில் வேறொருவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரிடம் கேளுங்கள் என்று மறுபடி ஒருமுறை சொன்னாரா என்பதும் நிச்சயமாகத் தெரியவில்லை. சொல்லியிருப்பார். அப்படிப்பட்ட ஆள்.

நான் டாக்டரிடம் கேட்கவில்லை. அந்த நான்கு நிமிடத்தை நினைத்தேன். மறுபடியும் அங்கே போய், மாட்டெலும்பு என்று எங்கள் அக்கா சாப்பிட மாட்டேன் என்கிறாள் என்று சொல்லி நிற்பதை நினைத்தேன். கம்பவுண்டர் சிரிப்பான், பக்கத்தில் காத்திருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அக்காவுக்காகக் கூச்சப்பட்டேன் என்று அன்று நினைத்துக்கொண்டேன். எனக்காகத்தான் கூச்சப்பட்டேன்.

வீட்டுக்கு வந்து, கூட்டை எடுத்துப்போட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் தருகிறேன் என்று சொன்னேன். அக்கா வெகுநேரம் யோசித்தாள்.

"உள்ள என்ன இருக்கு?"

"மருந்து. வெறும் ரசாயனம்."

"தப்பு ஒண்ணுமில்லைலா?"

"இல்லக்கா. மைதீன்ட்டயும் கேட்டுட்டேன்."

அவள் முகத்தில் பன்னிரண்டு நாளாக இல்லாத ஒரு நிம்மதி வந்தது. அதைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாக இருந்தது. ஒரு கஷ்டமான கணக்கை இரண்டு பேரும் சேர்ந்து போட்டுவிட்ட மாதிரி.

அதன் பிறகு தினம் இரண்டு வேளை அதுதான் என் வேலை. ஒரு கதலிப்பழத்துண்டைக் கரண்டியில் நசுக்கி வைப்பேன். கேப்சூலைத் திருகிப் பிரித்துத் தட்டுவேன். கடுகைவிடச் சின்னதாக மஞ்சள் மணிகள் விழும். அக்கா அதை மென்று தின்பாள். "சனியன், என்ன கசப்பு" என்பாள். வெறும் கூடுகளைக் காகிதத்தில் சுற்றி, சமையலறைப் பக்கம் கொண்டுபோகாமல், தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டு வருவேன். இதை மிகச் சுத்தமாகச் செய்தேன். ஒரு மணிகூடச் சிந்தியதில்லை.

ஏழு வாரம்.

ஐந்தாவது வாரத்தில் பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தது. பிறகு முழங்கைக்கு மேல் ஊதா நிறத்தில் ஒரு ரத்தக்கட்டு. வள்ளித்தாய்தான் முதலில் பார்த்தாள்.

"அண்ணாச்சி, ஆச்சி கையப் பாத்தீயளா? நாவப்பழத்த நசுக்கித் தேச்ச மாதிரி இருக்கு."

"பஸ்ஸுல கம்பில இடிச்சிருப்பேன்ட்டி" என்றாள் அக்கா.

"எந்தப் பஸ்ஸுல? நீங்க தெருவத் தாண்டி ஒரு மாசம் ஆச்சு."

ரத்தத்தை இளக்குகிற மருந்து சாப்பிட்டால் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும், படித்திருக்கிறேன் என்று நான் சொன்னேன். உண்மையில் படித்திருந்தேன். வள்ளித்தாய் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நீங்க படிச்சவுக" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

புரட்டாசி முதல் வாரத்தில் ஒரு காலை அக்கா குளியலறையில் விழுந்தாள். நான் வெளியே பால் வாங்கப் போயிருந்தேன். வள்ளித்தாய் சத்தம் கேட்டுக் கதவைத் தள்ளித் திறந்திருக்கிறாள். வயிற்றுக்குள்ளே ரத்தம் கசிந்து, தார் மாதிரிக் கறுப்பாகப் போயிருந்தது. நான் தெருவில் நுழையும்போது இசக்கிதுரை யூனிபார்ம் சட்டையும் கைலியுமாக அக்காவைத் தூக்கி ஆட்டோவில் வைத்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. நான்கு பாட்டில் ரத்தம் ஏற்ற வேண்டும், பதிலுக்கு ஆட்கள் கொடுக்க வேண்டும் என்றார். எனக்கு அறுபது தாண்டிவிட்டது, சர்க்கரையும் உண்டு. இசக்கிதுரை ஸ்டேஷனிலிருந்து மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, தானும் கொடுத்தார்.

சாயங்காலம் டாக்டரம்மா கட்டில் பக்கம் வந்து கேட்டார். "இந்த அளவு ரத்தப்போக்கு வரக்கூடாதே. மருந்து எப்பிடிக் குடுத்தீங்க? தப்பா ரெண்டு ரெண்டாப் போட்டுட்டாங்களா?"

"இல்ல, ஒண்ணுதான். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்றேன். அது உண்மை. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். நேற்றுவரை ஒரு உபகாரம் என்று நினைத்துச் செய்தது இப்போது வேறு ஒன்றாக மாறி என் முன்னால் நின்றது. சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. வாய் வரவில்லை.

"அம்மா" என்று கட்டிலிலிருந்து அக்கா கூப்பிட்டாள். குரல் காய்ந்திருந்தது. "நான் அதை ஒடச்சு, உள்ள இருக்கதத் தின்னேன். மேல்கூடு மாட்டெலும்புன்னு சொன்னாங்க. அதனால ஏழு வாரமா தம்பிக்குத் தெரியாம ஒடச்சுட்டு, உள்ளதை மட்டும் தின்னேன்."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"டீச்சரா இருந்தீங்கன்னு எழுதியிருக்கு. யாரையும் கேக்காம இப்பிடிச் செய்யலாமா? இந்த மருந்துக்கு அந்தக் கூடுதான் அளவைக் கட்டுப்படுத்துது. கூடு இல்லாம, அதையும் மென்னு சாப்பிட்டா, பாதிக்குப் பாதி கூடுதலா ரத்தத்துல ஏறிரும். ஏழு வாரம் நீங்க விஷம் மாதிரி சாப்பிட்டிருக்கீங்க." பிறகு கொஞ்சம் குரலை இறக்கி, "அதுவும் இந்தக் கம்பெனி கூடு எலும்பு இல்லம்மா. மரக்கூழ்ல செய்யிறது. டப்பாக்குள்ள ஒரு தாள் மடிச்சு வச்சிருப்பான், அதுல போட்டிருக்கு" என்றார்.

நாங்கள் டப்பாவைப் பார்த்ததே இல்லை. மைதீன் அட்டைகளைக் கத்தரித்துத்தான் கொடுப்பார். தாள் அவர் கடையிலேயே கிடந்திருக்கும். நான் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். எதைப் பார்த்தாலும் எடுத்து வாசிக்கிறவன், அந்த ஒரு தாளைக் கேட்கவில்லை.

டாக்டரம்மா போனதும் அக்காவின் போர்வையை இழுத்துவிட்டேன். சொட்டுச் சொட்டாக ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. வள்ளித்தாய் கஞ்சித் தூக்கோடு வந்தாள். பாட்டிலைப் பார்த்தாள்.

"ஆச்சி, இது எங்க வீட்டு ஆளு ரத்தமா இருந்தா பாத்துக்கிடுங்க. ஞாயித்துக்கிழமை கோழிக்கறி, புதன்கிழமை மீனு. இனிம ஒங்களுக்கும் நாக்கு ஊறும்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு வலித்தது. "உம் புருசன்ட்ட கேட்டு எடுத்தாங்கல்லா?"

"கேக்காமயா? அவுகளே கைய நீட்டினாக."

"அப்பிடின்னா சரி. எனக்கு அதுல ஒரு சங்கடமும் இல்ல. புழுட்ட யாரும் கேக்கலட்டி. அவ்வளவுதான் என் பேச்சு. அது மரக்கூழுன்னு தெரிஞ்சிருந்தா தின்னுருப்பேன்."

மூன்றாம் நாள் முத்துகுமரன் சென்னையிலிருந்து பொதிகை ரயிலில் வந்து இறங்கினான். ரயிலடியிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தான். டாக்டரம்மா அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார், அக்கா சொன்ன மாதிரியே. அவன் அம்மாவைத் திட்டவில்லை. ஒரு வாரம் இருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தான். மருந்து, பால், ரத்தப் பரிசோதனை எல்லாம் அவனே பார்த்தான். இனிமேல் அந்தக் கேப்சூல் இல்லை, மாதம் ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்க்கிற பழைய மாத்திரைதான் என்று முடிவாகியிருந்தது. மாத்திரைகளிலும் மிருகக்கொழுப்பு கலக்கப்படலாம் என்று அதற்குள் நான் எங்கோ படித்திருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்திய நாள் மத்தியானம், சாப்பிட்டு முடித்ததும், முத்துகுமரன் எங்கள் இருவரையும் உட்கார வைத்தான்.

"அம்மா, ஒண்ணு கேக்கேன். இனிம டாக்டர் என்ன குடுத்தாலும் எதுல செஞ்சதுன்னு கேக்காம சாப்பிடுவேன்னு மாமா முன்னால சொல்லு. சொன்னா, நீ இங்கயே இரு. இல்லன்னா எங்கூட சென்னைக்கு வா. என் கல்யாணத்துல நூல்சேலை கெட்டிட்டு நின்ன, சரின்னு விட்டேன். தேன் வேண்டாம்னு சொன்ன, விட்டேன். இது உசுரு. இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கு ஒரு முடிவு வேணும்."

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி" என்றாள்.

"சத்தியமா?"

"சரின்னா சரிதாம்லே."

அவள் அப்படி எளிதில் விட்டுக்கொடுப்பவள் இல்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அவளுக்கு இந்த வீடு வேண்டியிருந்தது. காலையில் கோயில் மணி, மத்தியானம் நெல்லுச்சோறு, சாயங்காலம் மலைப்பக்கமிருந்து வருகிற காற்று, பேசாத ஒரு தம்பி. அதற்காக ஒரு சரியைக் கொடுத்தாள். அதற்கு முன் ஆஸ்பத்திரியில் சொன்ன அந்தப் பொய்யையும் அதற்காகத்தான் கொடுத்திருந்தாள்.

முத்துகுமரன் என் பக்கம் திரும்பினான். "மாமா, நீங்க இருக்கதுனாலதான் நான் தைரியமா விட்டுட்டுப் போறேன். நீங்க விவரம் தெரிஞ்சவங்க. அம்மா ஒளிச்சு ஒளிச்சு ஒடச்சிருக்கா, ஒங்களுக்கே தெரியல. இனிம ஒங்க கையால குடுங்க. நீங்க குடுத்தா எனக்கு நிம்மதி."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். ஐ.டி. கம்பெனியில் வேலைபார்க்கிறவனின் மெத்தென்ற கை. தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அம்மாவைப் பைத்தியக்காரி என்று நினைத்துக்கொண்டு, என்னை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இதற்கு மேல் தாங்க முடியாது என்று தோன்றியது.

"ஒடச்சது நான்தான்" என்றேன்.

"என்ன மாமா?"

"அம்மா ஒடைக்கல. வேண்டாம்னு மட்டுந்தான் சொன்னா. ஒடச்சுக் குடுக்கேன்னு சொன்னது நான். தப்பு ஒண்ணுமில்லைன்னு சொன்னதும் நான். டாக்டருட்ட கேக்கல. ஏழு வாரமும் எங்கையாலதான் குடுத்தேன்."

அவன் என் கையை விட்டான். மெதுவாகத்தான் விட்டான். அக்கா தலை நிமிரவே இல்லை. பின்கட்டில் வள்ளித்தாய் துணி துவைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. முத்துகுமரன் எழுந்து வாசலுக்குப் போனான். போனில் யாரிடமோ டிக்கெட் பற்றிப் பேசினான். ஒன்று என்று இருந்ததை இரண்டாக்கச் சொன்னான். திரும்பி வந்து, "மாமா, எனக்குக் கோவம் ஒண்ணுமில்ல. ஆனா ரெண்டு பேரையும் இப்பிடிச் சேத்து விட்டுட்டுப் போக எனக்கு முடியாது" என்றான்.

அவன் குளிக்கப் போன பிறகு அக்கா கேட்டாள். "எதுக்குலே சொன்ன?"

"பொய்யா இருந்துச்சுக்கா. ஒன்னப் பைத்தியம்னு சொல்லுதான். கேட்டுட்டு இருக்க முடியல."

"பைத்தியம்னு சொன்னா சொல்லிட்டுப் போறான். எனக்கு அது பழசு." சுவரைப் பிடித்து எழுந்தாள். "அந்தப் பொய் என்னுதுலே. நான் சொன்னது. ஒனக்கு அதுல என்ன வேல?"

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எதற்கு என்று கேட்பது என்று தெரியவில்லை. உடைத்ததற்கா, சொன்னதற்கா. அவள் உள்ளே போய்ச் சேலைகளை மடித்து எடுத்து வைக்கத் தொடங்கினாள். நான் பெட்டியைத் திறந்து பிடித்துக்கொண்டேன். முடியும்வரை இருவரும் ஒன்றும் பேசவில்லை. எங்களுக்கு அது புதிதல்ல. ஆனால் அன்றைய மௌனத்தில் அவள் இல்லை. நான் மட்டும்தான் இருந்தேன்.

மறுநாள் ரயிலடிக்கு இசக்கிதுரை பெட்டியைத் தூக்கி வந்தார். வள்ளித்தாய் அழுதாள். "போயிட்டு வாங்க ஆச்சி, கறிக்கு நாக்கு ஊறுச்சுன்னா போன் போடுங்க" என்றாள். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். என்னிடம், "கதவப் பூட்டிட்டுப் படு" என்றாள்.

அக்கா இப்போது சென்னையில் மகன் வீட்டில் எட்டாவது மாடியில் இருக்கிறாள். மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள், அளவு சரியாக இருக்கிறது. கொடுக்கிற மாத்திரையை எதையும் கேட்காமல் சாப்பிடுகிறாள் என்று முத்துகுமரன் சொன்னான். அதை நல்ல செய்தியாகச் சொன்னான். அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு போனில் பேசுகிறான், அக்கா இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கொடுத்துவிடுகிறாள். இசக்கிதுரைக்கு சிவகிரிக்கு மாற்றலாகி, வள்ளித்தாயும் போய்விட்டாள். பின்கட்டில் இப்போது யாரும் இல்லை. மைதீன் கடையை மகனிடம் விட்டுவிட்டு ஹஜ் போய் வந்தார். நான் தென்காசியிலேயே இருக்கிறேன், உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.